தனியாக நிரல் எழுதுபவருக்கு கிட் தேவையா?

திருவாரூர் நெல் மண்டி ஒன்றுக்குத் தனியாளாக நிரல் எழுதுகிறேன், நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் (Git) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசியம் தேவை. போன மாதம் எதை, ஏன் மாற்றினோம் என்று கேட்க உங்களுக்குப் பக்கத்தில் வேறு ஆள் இல்லையே. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக எழுதியது கிட். முழு வரலாறும் உங்கள் கணினியிலேயே இருப்பதால் கமிட் செய்ய, அதாவது ஒரு மாற்றத்தைக் குறிப்போடு அந்த வரலாற்றில் பதிய, இணையம் வேண்டாம். 2018இல் கஜா புயலுக்குப் பிறகு மன்னார்குடியில் எங்களுக்குப் பல நாள் நெட் கிடையாது. ஜெனரேட்டரில் லேப்டாப்பை சார்ஜ் ஏற்றி வேலை பார்த்தேன், ஒரு கமிட்கூட தடைபடவில்லை.

நெல்லின் ஈரப்பதத்துக்காகக் கழிக்கும் கணக்கை மாற்றினால், அதை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். காரணத்தையும் எழுதுங்கள். அப்புறம், தினமும் கமிட்டுகளை வேறொரு இடத்துக்கு புஷ் செய்துவிடுங்கள், அதாவது அவற்றின் நகலை அங்கே அனுப்பிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் போனால் அதிலிருக்கும் வரலாறும் போய்விடும்.