மறு: "இருந்து என்ன பயன்" என்கிறார், என்ன பேசுவது?

வணக்கம். உங்கள் தையல் லைனில் வேலை செய்யும் பெண் "இருந்து என்ன பயன்" என்று சொன்னதாகவும், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் நாமே தூண்டிவிடுவோமோ என்றும் எழுதியிருந்தீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. மனநல முதலுதவிப் பயிற்சியில் இதை அழுத்தியே சொல்வார்கள். இன்றைக்கே, மெஷின் சத்தமில்லாத இடத்தில் உட்காரவைத்து, "சாகணும்னு தோணுதாம்மா?" என்றே கேளுங்கள். அப்புறம் அவரைப் பேசவிடுங்கள். புத்திமதி, "உனக்கென்ன குறை" எதுவும் தயவுசெய்து வேண்டாம்.

ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பக்கத்தில் இருந்தபடியே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சாவதற்கான வழியைக்கூட யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கேட்டீர்களே, மாவட்ட மனநலத் திட்டத்தில் பணியிட மன அழுத்தமும் அடங்கும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.