வாய்ஸ் நோட்ல பேசுறது நான்தானா? - வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே சாட்ல அரட்டை அடிக்கும்போது முளைச்சதுங்க. "குரூப்ல கேட்டா இதெல்லாம் ஒரு கேள்வியான்னு ஓட்டுவாங்க, அதான் உங்ககிட்ட கேக்கறேன்"னு சில பேர் கூடவே எழுதிருக்கீங்க. தாராளமா கேளுங்க. எனக்கு இந்த மாதிரி கேள்விதான் ரொம்ப பிடிக்கும், இது ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு பதில் தேடிருக்காங்க.

கேள்வி: அக்கா, நான் அனுப்புன வாய்ஸ் நோட்டை நானே திரும்ப கேட்டா கீச்சுக்குரலா, யாரோ பேசுற மாதிரி இருக்கு. மத்தவங்க எல்லாம் "உன் குரல் அப்படித்தான் இருக்கும்"ங்கறாங்க. நிஜமாவா?

பதில்: நிஜம்தான்மா, ஆனா நீ கேக்கற குரலும் பொய் இல்ல. நீ பேசும்போது சத்தம் ரெண்டு வழியா உன் காதுக்குள்ள போகுது, ஒண்ணு வாயில இருந்து காத்து வழியா, இன்னொண்ணு தாடை எலும்பு, மண்டையோடு எல்லாம் அதிர்ந்து அது வழியா நேரா உள்காதுக்கு, இந்த ரெண்டாவது வழியில கனமான கீழ் சுருதி நல்லா வந்து சேரும், அதனால உன் குரல் உனக்கு மட்டும் கொஞ்சம் கம்பீரமா கேக்கும். மைக்குக்கு அந்த எலும்பு வழி கிடையாது இல்லையா, காத்துல வர்றதை மட்டும்தான் பிடிக்கும். இப்பவே செஞ்சு பாரு: ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கிட்டு வாயை மூடி "ம்ம்ம்"னு இழு. சத்தம் குறையாது, மண்டைக்குள்ள கும்முனு கூடும்! வெளிய போக வேண்டிய எலும்பு வழி சத்தம் காதுக்குள்ளயே மாட்டிக்கிறதாலதான் அப்படி. காதை மூடாம, பக்கத்துல எலும்பு மேல வச்சுக்கற ஹெட்போன் வருதே, அதுவும் இதே எலும்பு வழியைத்தான் பயன்படுத்துது. உன் ஃப்ரெண்ட்ஸுக்கு பழகின குரல் அந்த ரெக்கார்டிங் குரல்தான், அவங்களுக்கு அது உன் குரல், கூச்சப்படாம அனுப்பு.

கேள்வி: விளையாட்டுக்கு "சரி போ"ன்னு டைப் பண்ணேன், ஃப்ரெண்டு ரெண்டு நாளா பேசல. எழுத்துல விளையாட்டை எப்படிங்க காட்டுறது?

பதில்: இந்த பிரச்சினை செல்போனுக்கும் முன்னாடியே இருக்குங்க. அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல, கம்ப்யூட்டர்ல எழுதி பேசிக்கிட்டு இருந்தவங்க, லிஃப்ட்ல பாதரசம் கொட்டிருச்சுன்னு ஒரு ஜோக் அடிக்க, சில பேர் அதை நிஜ எச்சரிக்கைன்னு நினைச்சுட்டாங்க. அப்பதான் ஸ்காட் ஃபால்மன், 1982 செப்டம்பர் 19 அன்னிக்கு, முக்காற்புள்ளி, சின்ன கோடு, அடைப்புக்குறி மூணையும் சேத்து படுத்த மாதிரி ஒரு சிரிச்ச மூஞ்சி போட்டு, ஜோக்னா இதை போடுங்கன்னு யோசனை சொன்னார். அந்த பழைய பதிவையே 2002ல பேக்கப் டேப்ல தேடி எடுத்தாங்க. "சரி போ" மாதிரி வார்த்தையில பாதி அர்த்தம் குரல்லதான் இருக்கு, அதை வெறும் எழுத்தா அனுப்பாதீங்க. இப்ப ஒரு போன் போட்டு பேசிடுங்க, ரெண்டு நாள்ங்கறது நட்புல பெரிய இடைவெளி.

கேள்வி: பைக்குள்ள சுருட்டி வச்ச இயர்போன் தானா முடிச்சு போட்டுக்குதே, எப்படி?

பதில்: இதை 2007ல ரெண்டு பேர், டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும், பெட்டிக்குள்ள கயிறு போட்டு உருட்டி உருட்டி 3,415 தடவை பாத்தாங்க! சில நொடியிலயே முடிச்சு விழுந்துச்சு. பெட்டிக்குள்ள கயிறு வளையம் வளையமா படுத்திருக்கும், சும்மா கிடக்கற நுனி அந்த வளையங்களுக்கு மேலயும் கீழயும் பூந்து பூந்து, ஜடை பின்னுற மாதிரி பின்னிக்கும். சுமார் 46 செ.மீ.க்கு குறைவான கயிறுல முடிச்சு விழறது அபூர்வம், இயர்போன் வயர் அதை விட நீளமாச்சே. சின்ன பெட்டியில முடிச்சு குறைஞ்சதையும் பாத்தாங்க, அசைய இடம் இல்ல. அதனால நுனியை கிளிப் போட்டு, இறுக்கமான சின்ன பவுச்ல வைங்க.

கேள்வி: விரல்ல சொடக்கு எடுத்தா மூட்டுவலி வருமா?

பதில்: வரும்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல. டொனால்ட் உங்கர்னு ஒரு டாக்டர் 60 வருஷத்துக்கு மேல இடது கையில மட்டும் சொடக்கு எடுத்து பாத்தார், ரெண்டு கைக்கும் வித்தியாசம் இல்ல. ஒருத்தரை மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாதுதான், ஆனா என்ன ஒரு பொறுமை! சத்தம் வர்றது எலும்பு உரசி இல்ல, மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல உண்டாகற வாயுக்குமிழாலதான். வலியோ வீக்கமோ கூட இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிருங்க.