ஃப்ரித்தத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சவுத்தாம்ப்டனுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஃப்ரித்தம் என்ற சிற்றூரைப் பற்றி நீங்கள் ஆசையாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, போன ஞாயிறு குடும்பத்தோடு அந்த ஊர் இருக்கும் நியூ ஃபாரஸ்ட்டுக்குப் போனோம். கொஞ்சம் வீடுகள், கூரை வேய்ந்த ஒரு பப், கீழே ஒரு குளம். காடு என்று பெயர், ஆனால் வழியெல்லாம் மரமே இல்லாத வெட்டவெளி. ரோட்டில் குதிரைகள். கோட்டை இல்லை, பழைய கோயில் இல்லை. "இதில் பார்க்க என்னம்மா இருக்கு?" என்று பத்து வயது மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு முறை போனால் எதைப் பார்ப்பது?

எஸ்., சவுத்தாம்ப்டன்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. அங்கே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கும்படி எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது அந்த வெட்டவெளியைத்தான்.

முதலில் பெயர். பழைய ஆங்கிலச் சட்டத்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் மரம் அடர்ந்த இடம் என்று பொருள் இல்லை. அரசன் வேட்டைக்கென்று தனிச்சட்டத்தின் கீழ் கொண்டுவந்த நிலம். அதற்குள் ஊர் இருக்கும், வயல் இருக்கும், பொட்டலும் இருக்கும். எங்கள் கொங்குப் பக்கத்தில் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் சோளக்காட்டுக்கோ கடலைக்காட்டுக்கோ போவதாகத்தான் அர்த்தம். அதனால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. 'நியூ' என்ற சொல்லும் அப்படித்தான். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் உண்டாக்கிய வேட்டை நிலம் அது. 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கேட்டிலேயே பதிவாகியிருக்கிறது. புதியது என்ற பெயரோடு தொள்ளாயிரம் வருடத்தைத் தாண்டிவிட்டது.

மான் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக, அங்கே குடியிருந்தவர்கள் நிலத்துக்கு வேலி போடக் கூடாது என்றது அரசனின் சட்டம். ஆனால் அவர்கள் தங்கள் மாட்டையும் குதிரையையும் அந்தத் திறந்த நிலத்தில் மேய்த்துக்கொள்ளலாம். பன்றி விடலாம், எரிக்கப் புல்லை வேர்மண்ணோடு கட்டியாக வெட்டலாம், விறகு எடுக்கலாம். இந்த உரிமைகளில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆளுக்கு உரியவை அல்ல, வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியவை. அந்த வீட்டை வாங்கினால் உரிமையும் கூட வரும். இவர்களைக் 'காமனர்கள்' என்கிறார்கள். இவர்களுக்காக வெர்டரர்கள் என்று ஒரு குழு இருக்கிறது. லிண்ட்ஹர்ஸ்டில் அதன் நீதிமன்றம் இன்றும் கூடுகிறது.

ரோட்டில் நீங்கள் பார்த்த குதிரைகள் காட்டுக்குதிரைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமையாளர் உண்டு. அடுத்த முறை மகனை அவற்றின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். வால் முடியைப் படிபடியாகக் கத்தரித்திருப்பார்கள். அஜிஸ்டர்கள் என்ற ஊழியர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். மேய்ச்சல் கட்டணம் கட்டிய குதிரைக்குத் தங்கள் பகுதிக்கு உரிய மாதிரியில் வாலை வெட்டிவிடுவார்கள். வாலைப் பார்த்தே எந்தப் பகுதிக் குதிரை என்று சொல்லிவிடலாம். நான் முதன்முதலாக இதைத் தெரிந்துகொண்ட நாளில் மாலை வரை வால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அந்தக் குதிரைகள்தான் வெட்டவெளியை வெட்டவெளியாக வைத்திருக்கின்றன. மூவாயிரம் நாலாயிரம் வருடத்துக்கு முன், வெண்கலக் காலத்து மக்கள் அங்கே மரங்களை அழித்தார்கள். மணல் மண், அதில் இருந்த சத்தை மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது. ஹெதர் என்ற குறுஞ்செடியும் முள் நிறைந்த மஞ்சள் கோர்ஸும்தான் மிஞ்சின. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் பிர்ச், பைன் மரங்கள் மூடிவிடும். அந்த மக்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்து எழுப்பிய வட்டமான ஈமமேடுகள் ஃப்ரித்தத்தைச் சுற்றி இருக்கின்றன. ஹெதர் மூடிய சின்ன மேடுகள். தெரியாமல் நடந்தால் அதன் மேலேயே ஏறி இறங்கிவிடுவோம். ஆகஸ்டில் போனால் அத்தனையும் ஊதா நிறமாக இருக்கும்.

சரி, மரம் இருக்கும் பக்கத்துக்கு வருவோம். ஆள் உயரத்துக்கு மேலே ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு கிளை பிரியும் பருத்த ஓக், பீச் மரங்களைத் தேடுங்கள். இதைப் 'பொலார்ட்' என்பார்கள். அந்த உயரத்தில் வெட்டினால் புதுத்துளிர் மானின் வாய்க்கு எட்டாது, திரும்பத் திரும்ப விறகும் தழையும் கிடைக்கும். கடற்படைக் கப்பல்களுக்கு மரம் வேண்டும் என்று 1698இல் ஒரு சட்டம் வந்து இப்படி வெட்டுவதைத் தடுத்தது. ஆகவே அந்தக் கிளைப்பிரிவைப் பார்க்கும்போது, முந்நூறு வருடத்துக்கு முன் ஒருவன் ஏறி நின்று கோடாலி போட்ட இடத்தைப் பார்க்கிறோமாக இருக்கலாம்.

ஊருக்கு மேற்கே ஸ்லோடன் என்ற காட்டுப் பகுதி இருக்கிறது. ரோமானியர் காலத்தில், 3, 4ஆம் நூற்றாண்டுகளில், அங்கே மட்பாண்டச் சூளைகள் எரிந்தன. களிமண், தண்ணீர், விறகு மூன்றும் அருகருகே கிடைத்தன. அங்கே செய்த குவளைகள் தென் இங்கிலாந்து முழுக்கப் போயின. ஹேவுட் சம்னர் என்ற ஓவியர் நூறு வருடத்துக்கு முன் அவற்றைத் தோண்டி ஆராய்ந்தார். பானை ஓடு கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

நீங்கள் பார்த்த குளம், ஐவொர்த் குளம், இயற்கையானது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காக ஓடையைத் தடுத்துக் கட்டியது. ஷுல்ட்சே என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரியின் முறைப்படி, மரத்தை அமிலத்தில் பதப்படுத்தி, வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் புகை அதிகம் வராத மருந்து செய்தார்கள். விபத்து நடந்தால் ஊர் சேதப்படக் கூடாது என்றால் ஆள் இல்லாத இடம்தானே தோது. முதல் உலகப் போருக்குப் பிறகு அது மூடப்பட்டது. இன்று குளத்தில் வாத்துகள் நீந்துகின்றன. கார் நிறுத்தும் இடத்தருகே ஒரு கருப்பு இரும்புத் தபால்பெட்டி இருக்கும். தபால்காரர் தொழிற்சாலை வரை இறங்கிப் போகாமல் கடிதங்களை அதில் போட்டுவிட்டுப் போக வைத்தது.

போர் அந்த இடத்தை அதன் பிறகும் விடவில்லை. 1942இல் பக்கத்து ஸ்டோனி கிராஸில் விமானத்தளம் அமைத்தார்கள். மேற்கே ஆஷ்லி வாக் என்ற பொட்டலைக் குண்டுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1945 மார்ச் 13 அன்று 'கிராண்ட் ஸ்லாம்' என்ற பத்து டன் குண்டை முதன்முதலில் வெடித்துப் பார்த்தது அங்கேதான். ஹெதர் நடுவே வட்டமாக நீர் தேங்கி நிற்கும் பள்ளங்களில் பல அந்தக் குண்டுகள் தோண்டியவை. ஒரே நடையில் ஈமமேட்டையும் குண்டுக்குழியையும் பார்க்க முடிகிற இடம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. பக்கத்திலேயே ரூஃபஸ் கல் என்று ஒன்று உண்டு, 1100இல் இரண்டாம் வில்லியம் வேட்டையில் அம்பு பட்டு இறந்த இடம் என்று. உண்மையில் அங்கேதானா என்பது சந்தேகம். நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஹிக்மன் என்ற குடும்பத்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இந்தச் சிற்றூரிலிருந்து கனடாவில் பிழைக்கப் புறப்பட்டார்கள். நீங்கள் இருக்கும் சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறினார்கள். 1912 ஏப்ரல், கப்பலின் பெயர் டைட்டானிக். மூவரும் திரும்பவில்லை. இத்தனை சின்ன ஊரில் அந்தச் செய்தி எந்தெந்தக் கதவைத் தட்டியிருக்கும் என்று நினைக்காமல் அந்தத் தெருவில் என்னால் நடக்க முடிந்ததில்லை.

முடிந்தால் அக்டோபரில் போங்கள். அது பன்றி விடும் காலம், 'பானேஜ்' என்பார்கள். பச்சை ஓக் விதைகள் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு விருந்து. அதனால் குறைந்தது அறுபது நாள் பன்றிகளை அவிழ்த்துவிட்டு விதைகளைத் தின்ன வைக்கிறார்கள். குட்டிகளோடு தாய்ப்பன்றி ரோட்டைக் கடந்தால் எல்லாக் காரும் நின்றுதான் ஆக வேண்டும்.

குதிரைகளுக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், தடை இருக்கிறது. இருட்டிய பிறகு அவை ரோட்டிலேயே நிற்கும், மெதுவாக ஓட்டுங்கள். குளத்திலிருந்து ஓடையோரமாக மேற்கே நடப்பதாக இருந்தால் கணுக்கால் வரை சேறு இருக்கும். மகனுக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.