மஜ்ஜை சுத்தம், ஆனால் மரபணு மாற்றம் மட்டும் போகவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்காக அசாசிடிடின் ஊசியும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் நான்கு சுற்று முடிந்திருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் என்ற முதிராத செல் 2 சதவீதம்தான், நோய் அடங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் மரபணு ரிப்போர்ட்டில் 'என்பிஎம்1: இல்லை' (இந்த மரபணு மாற்றம் முதலில் இருந்தது) என்றும், அதற்குக் கீழே 'டிஎன்எம்டி3ஏ ஆர்882ஹெச்: 36%' என்றும் இருக்கிறது. முதலில் இது 44%. அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு நோய் இன்னும் இருக்கிறதா? டிஎன்எம்டி3ஏ என்பது டிஎன்ஏவில் மெத்தில் ஒட்டும் என்சைமாம், அசாசிடிடின் அதைத்தான் முடக்குமாம். பழுதானதை ஏன் மேலும் முடக்க வேண்டும்? எனக்கும் தம்பிக்கும் இது வருமா? மெத்தில் ஃபோலேட் கேப்சூல் வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த 36-ஐப் பார்த்துப் பயப்படுவதை விடுங்கள். அது நோயின் அளவு இல்லை. லேப்பில் அந்த மரபணுவின் குறிப்பிட்ட இடத்தை ஆயிரம் முறை படித்ததில் சுமார் 360 முறை பிழையான எழுத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி. பொதுவாகப் பிழை ஒன்றில்தான் இருக்கும். ஆகவே 36-ஐ இரட்டிப்பாக்கினால், மஜ்ஜையில் நூற்றுக்கு 72 செல்லில் இந்த மாற்றம் இருக்கிறது என்று அர்த்தம். 'குறைத்துச் சொல்வார் என்று பார்த்தால் கூட்டிச் சொல்கிறாரே' என்று தோன்றும். ஆனால் பிளாஸ்ட் வெறும் 2. அந்த 72-இல் பெரும்பாலானவை முறையாக வளர்ந்து, சிவப்பணுவாகவும் வெள்ளணுவாகவும் வேலை பார்க்கும் செல்கள்தான். பிழையைச் சுமந்துகொண்டே ஒழுங்காக வேலை செய்கின்றன.

இது எப்படி என்று புரிய, அந்த என்சைமைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

'க' என்று எழுதி மேலே ஒரு புள்ளி வைத்தால் 'க்'. எழுத்தின் உருவம் அதேதான், வாசிப்பு மட்டும் அடங்கிவிடுகிறது. டிஎன்ஏவில் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு செய்வதும் ஏறக்குறைய இதுதான். சைட்டோசின் என்ற எழுத்தை அடுத்து குவானின் வரும் இடங்கள் நம் டிஎன்ஏவில் சுமார் 2.8 கோடி. அவற்றில் 70 முதல் 80 சதவீதத்தில் புள்ளி இருக்கிறது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் புள்ளிகள் நெருங்கிவிட்டால் அந்த மரபணு வாயடைத்துப் போகும். செல் இரண்டாகப் பிரியும்போது பழைய புள்ளிகளைப் பார்த்துப் படியெடுப்பது டிஎன்எம்டி1 என்ற என்சைம். புதிதாகப் புள்ளி வைப்பது 3ஏ, 3பி என்ற இரண்டும். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இருப்பது 3ஏ.

912 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. புள்ளி வைக்கும் கை வால்பக்கம் இருக்கிறது. தலைப்பக்கத்தில், எங்கே வைக்கலாம் என்று பார்த்துச் சொல்லும் இரண்டு பகுதிகள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் உள்ள அடையாளங்களை அவை படிக்கின்றன. அதில் ஒன்று, சும்மா இருக்கும் நேரத்தில் கையின் மேலேயே படுத்து அதை மறைத்துக்கொள்கிறது. ஹிஸ்டோன் மூன்றின் நான்காவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில் இல்லாமல் இருந்தால்தான் விலகி வழிவிடும். வேலையில் இருக்கும் மரபணுக்களின் வாசலில் அந்த லைசினில் மெத்தில் இருக்கும், அதனால் அங்கே கை நீளாது. கண்ட இடத்தில் புள்ளி விழாமல் இருக்க இப்படி ஒரு பூட்டு.

புள்ளி வைக்கும் விதம் இன்னும் அழகு. டிஎன்ஏ ஏணியிலிருந்து ஒரே ஒரு சைட்டோசினை மட்டும் வெளியே திருப்பி, என்சைம் தன் பள்ளத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. 710-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் அதை ஒரு கணம் பிடித்துக்கொள்ள, பக்கத்திலிருக்கும் எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற மூலக்கூறிலிருந்து மெத்தில் தாவுகிறது. பிறகு பிடி விட்டு, சைட்டோசின் பழையபடி ஏணிக்குள் போய்விடும். இந்தக் 'கணப்பிடி'யை நினைவில் வையுங்கள், அசாசிடிடினுக்கு வரும்போது வேண்டும்.

3ஏ தனியாளாக வேலை செய்வதில்லை. நடுவில் இரண்டு 3ஏ ஒட்டி நிற்க, இரு முனையிலும் ஆளுக்கொரு துணை என்று நான்காகக் கைகோத்து டிஎன்ஏ மேல் உட்காரும். 882-ஆவது அமினோ அமிலமான ஆர்ஜினின், நடுவிலுள்ள இரண்டும் ஒட்டும் இடத்துக்கு அருகில், டிஎன்ஏவைத் தொட்டபடி இருக்கிறது. அது ஹிஸ்டிடினாக மாறுவதுதான் ஆர்882ஹெச். 912-இல் ஒன்றுதானே என்று நினைக்கலாம். ஆனால் பிழையான புரதம் நல்ல பிரதியிலிருந்து வரும் புரதத்துடனும் கைகோத்து அதையும் கெடுக்கிறது. வேலை பாதியாகக் குறைய வேண்டியது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதிப்போனவர்களைப் போல, ரத்த மூலச்செல்களில் அங்கங்கே புள்ளி விட்டுப்போகிறது. முதிர்ந்து வேலைக்குப் போக வேண்டிய மூலச்செல், தன்னையே பெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

2010-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஏஎம்எல் நோயாளிகள் 281 பேரைப் பார்த்ததில் 62 பேருக்கு 3ஏ-வில் மாற்றம் இருந்தது. அதில் 37 பேருக்கு இதே 882. சரி, அப்போது இதுதான் புற்றுநோயா? 2014-இல்தான் விஷயம் தெளிந்தது. எந்த நோயும் இல்லாத, எழுபது வயது தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இப்படிப்பட்ட மாற்றம் ரத்தத்தில் இருந்தது, அதில் முதலிடம் 3ஏ-வுக்கு. அவர்களில் ரத்தப் புற்றுநோய் வருவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. 3ஏ மாற்றம் நிலத்தைப் பண்படுத்தி வைக்கிறது. அப்பாவுக்கு அது பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கும். பிறகு என்பிஎம்1 மாற்றம் விதையாக விழுந்து நோய் முளைத்தது. சிகிச்சை முளைத்ததைப் பிடுங்கியிருக்கிறது. நிலம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் சிகிச்சைக்குப் பின் மிச்ச நோயைத் தேடும்போது உலகெங்கும் மருத்துவர்கள் 3ஏ-வைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி உங்கள் நல்ல கேள்வி. அசாசிடிடின் 1964-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் தயாரித்த மூலக்கூறு. சைட்டோசின் போலவே நடித்து டிஎன்ஏவுக்குள் நுழையும். ஆனால் மெத்தில் ஒட்ட வேண்டிய ஐந்தாவது இடத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன். என்சைம் வழக்கம்போல் பிடிக்கிறது, விடத்தான் முடிவதில்லை. பசைத்தாளில் எலி மாதிரி. இப்படி அதிகம் மாட்டுவது 3ஏ அல்ல, பிரியும் செல்லில் படியெடுக்கும் டிஎன்எம்டி1. வேகமாகப் பிரியும் நோய்ச் செல்களில் புள்ளிகள் கலைய, அவை வாயடைத்து வைத்திருந்த கட்டுப்பாட்டு மரபணுக்கள் மறுபடி பேசத் தொடங்குகின்றன. மருந்தின் பெரும்பகுதி ஆர்என்ஏவிலும் புகுந்து புரத உற்பத்தியைக் குலைக்கிறது. எனவே 3ஏ பழுது என்பதற்காக இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் தம்பிக்கும் பரிசோதனை வேண்டாம். இந்த மாற்றம் அப்பாவின் மஜ்ஜையில் நடுவில் வந்தது, விந்தணுவில் இல்லை. பிறவியிலேயே 3ஏ மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்கள் வழக்கத்தைவிட உயரமாக, பெரிய தலையோடு, கற்றலில் சிரமத்தோடு வளர்வார்கள். அது வேறு கதை.

கேப்சூலை அலமாரியிலேயே வையுங்கள். ஃபோலேட் மெத்தில் சப்ளைக்கு உதவுவது உண்மை. ஆனால் எழுத்தாணி மழுங்கியிருக்கும்போது ஓலையை அடுக்கி என்ன செய்வது? ரத்தப் பரிசோதனையில் பி12, ஃபோலேட் குறைவு என்று வந்தால் அவருடைய டாக்டரே எழுதித் தருவார்.

ஒன்றே ஒன்று. இந்த 3ஏ மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கொஞ்சம் கூடுதல். ஆகவே பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்த விசிட்டில் '3ஏ எத்தனை சதவீதம்' என்று கேட்காமல், 'என்பிஎம்1 பிசிஆர் அடுத்து எப்போது எடுக்கிறோம்' என்று கேளுங்கள்.