ஹாங்காங்கும் சீனாதானே, சேலத்துத் தீர்ப்பு அங்கே செல்லாதா?

கேள்வி: வணக்கம் சார். எடப்பாடி பக்கம் எங்களுக்கு கிரானைட் குவாரி இருக்கிறது. வெட்டிய பிளாக்குகளைச் சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்கிறோம். சீனக்காரர் ஒருவர் எங்களிடம் சில வருடங்களாக வாங்குகிறார். அவருடைய பாலிஷ் ஃபேக்டரி சியாமென் ஊருக்குப் பக்கத்தில். ஆனால் பில் எல்லாம் ஹாங்காங்கில் பதிந்த ஒரு கம்பெனி பெயரில்தான் போடச் சொல்வார். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு சேர்ந்த பிறகு. கடைசி இரண்டு லோடுக்கு 61,000 டாலர் பாக்கி. பழகிய ஆள் என்று பில் ஆஃப் லேடிங்கையும் (கப்பல் சரக்கு ரசீது) டெலக்ஸ் ரிலீஸ் செய்துவிட்டோம், அதாவது ஒரிஜினல் ரசீது இல்லாமலே சரக்கை எடுக்க விட்டுவிட்டோம். இப்போது கல்லில் மயிரிழை விரிசல் என்கிறார், இன்னொரு லோடு அனுப்பினால் சேர்த்துக் கொடுக்கிறேன் என்கிறார். கான்ட்ராக்ட் கடைசிப் பக்கத்தில் தகராறு வந்தால் ஹாங்காங் இன்டர்நேஷனல் ஆர்பிட்ரேஷன் சென்டர் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தகராறைத் தீர்க்கும் நிறுவனம்) என்று ஒரு வரி இருக்கிறது. சேலம் கோர்ட்டிலேயே கேஸ் போட்டு, அந்தத் தீர்ப்பை வைத்து வசூல் செய்ய முடியாதா? ஹாங்காங்கும் சீனாதானே, ஒரு தீர்ப்பு இரண்டு இடத்துக்கும் போதாதா? மோசடி என்று போலீசில் புகார் கொடு என்கிறார் ஒரு நண்பர். என்ன செய்வது?

பதில்: நீங்கள் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போன அந்தக் கடைசிப் பக்கத்து வரிதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல ஆயுதம். அதை உங்கள் சரக்கை வாங்கும் பையர்தான் போட்டிருப்பார், பெரும்பாலும் எங்கிருந்தோ நகல் எடுத்து. இருந்தாலும் இன்று அது உங்களுக்குத்தான் உதவும்.

முதலில் சேலம். அஸ்தம்பட்டி கோர்ட்டில் வணிக வழக்கு போட உங்களுக்கு வழி இருக்கிறது. சரக்கு இங்கே கிளம்பியது, பணம் இங்கே வர வேண்டியது, அதனால் வழக்கு மூலத்தில் ஒரு பகுதி இங்கே எழுகிறது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்பதால் அவசர உத்தரவு எதுவும் கேட்காவிட்டால் முதலில் சமரச மையத்துக்குப் போய் வந்தாக வேண்டும். அப்புறம் சம்மன். சீனாவும் சரி ஹாங்காங்கும் சரி, வெளிநாட்டில் சம்மன் சேர்ப்பிப்பது பற்றிய ஹேக் உடன்படிக்கைக்கு உட்பட்டவை, நாமும் அதில் இருக்கிறோம். கூரியரிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிட்டு 'சேர்ந்துவிட்டது' என்று மெமோ போட முடியாது. டெல்லி வழியாக, மொழிபெயர்ப்போடு போக வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். இத்தனையும் தாண்டிச் சம்மன் சேர்ந்த பிறகு எதிர்த்தரப்பு ஒரு வக்கீலை வைத்து ஒரே ஒரு மனு போட்டால் போதும்: 1996ஆம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டம், 45ஆம் பிரிவு, வெளிநாட்டு ஆர்பிட்ரேஷனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள் என்று. கோர்ட் அனுப்பியே ஆக வேண்டிய நிலை.

சரி, அவர் வரவே இல்லை, எக்ஸ்பார்ட்டி டிகிரி (எதிர்த்தரப்பு ஆஜராகாமலே தரும் தீர்ப்பு) கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சேலம் டிகிரியை பெங்களூருக்கு மாற்றி அங்கே இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றும் மனு) போடுகிறோமே, அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் கேள்வி வருகிறது. ஹாங்காங்கில் வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பதிவு செய்ய ஒரு சட்டம் உண்டு, அதன் அட்டவணையில் இந்தியாவின் பெயரும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ஒரு கேள்வி கேட்கும்: எதிர்த்தரப்பு அந்த ஊர் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டிருந்ததா? அங்கே குடியிருந்தாரா, தொழில் அலுவலகம் இருந்ததா, வழக்கில் ஆஜரானாரா, முன்கூட்டியே அந்தக் கோர்ட்டை ஒப்புக்கொண்டாரா? நான்கிற்கும் உங்கள் பதில் 'இல்லை'. வராத ஆளுக்கு எதிராக வாங்கிய எக்ஸ்பார்ட்டி டிகிரி அங்கே நிற்காது. சீன மெயின்லேண்டை, அதாவது ஹாங்காங் நீங்கலான சீனப் பெருநிலத்தைப் பொறுத்தவரை, நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவுப்படி பரஸ்பரம் அறிவிக்கப்பட்ட நாடுகளில் சீனா இல்லை. சேலம் டிகிரியை அங்கே கொண்டுபோய் வசூலாகும் என்று எண்ணிக்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

இனி 'ஹாங்காங்கும் சீனாதானே' என்ற விஷயம். நாடு ஒன்றுதான், சட்டம் இரண்டு. 1997 ஜூலை 1-ல் பிரிட்டிஷார் கைமாற்றியபோது ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டம் அங்கே இருந்த காமன் லாவை (ஆங்கிலேயர் வழிவந்த சட்டமுறை) அப்படியே தொடர விட்டது. எல்லையைத் தாண்டினால் சீனாவின் சிவில் கோடு, சீன மக்கள் நீதிமன்றங்கள், வேறு நடைமுறை. அடிப்படைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு ஒன்றை மட்டும் சொல்கிறது: ஹாங்காங் நாட்டின் மற்ற பகுதிகளின் நீதித்துறையோடு கலந்து பேசி நீதித்துறை உறவு வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று உதவலாம். 'லாம்' தான். தானாக எதுவும் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேசி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1997-க்கு முன்னால் ஹாங்காங் நடுவர் தீர்ப்பு மெயின்லேண்டில் வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையின்கீழ் வெளிநாட்டுத் தீர்ப்பாகச் செல்லுபடியானது. தாய்நாட்டோடு சேர்ந்தபின் அது வெளிநாடு இல்லை, எனவே உடன்படிக்கை பொருந்தவில்லை, உள்நாட்டுத் தீர்ப்பாகவும் ஏற்கவில்லை. இரண்டரை வருடம் அந்தரத்தில் நின்றது. 1999 ஜூனில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, 2000 பிப்ரவரி 1 முதல்தான் ஹாங்காங் அவார்டுகள் (நடுவர் தீர்ப்புகள்) மறுபடி எல்லை தாண்ட ஆரம்பித்தன. கோர்ட் தீர்ப்புகளுக்கு இன்னும் காலம் பிடித்தது. 2008-ல் வந்த ஏற்பாடு, ஒரே கோர்ட்டை மட்டும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பண வழக்குகளுக்கு மட்டும். பரவலான சிவில், வணிகத் தீர்ப்புகளுக்கான ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரி 29-ல்.

உங்களுக்கு வேண்டியது இதிலிருந்து ஒன்றுதான்: பையரின் சொத்து கிடக்கிற பக்கம் போய்ச் சேரக்கூடிய தாள் ஹாங்காங்கில் வாங்கிய அவார்டு. சேலத்தில் வாங்கிய டிகிரி அல்ல. அவார்டு கையில் வந்தால் ஹாங்காங்கிலும் மெயின்லேண்டிலும் ஒரே சமயத்தில் நிறைவேற்ற மனு போடலாம். முன்பு ஒன்று முடிந்தபின்தான் மற்றொன்று என்று இருந்தது, 2020 நவம்பரில் செய்த துணை ஏற்பாடு அதை மாற்றியது. மொத்த வசூல் அவார்டு தொகையைத் தாண்டக் கூடாது, அவ்வளவே.

அதைவிட முக்கியமானது சொத்து முடக்கம். நீங்கள் அவார்டு வாங்கும்வரை பையர் சும்மா இருக்க மாட்டார். 2019 அக்டோபர் 1 முதல், ஹாங்காங்கில் நடக்கும் ஆர்பிட்ரேஷனுக்குத் துணையாக மெயின்லேண்ட் கோர்ட்டிலேயே போய் கணக்கையோ சொத்தையோ முடக்கக் கேட்கலாம். ஆர்பிட்ரேஷன் தொடங்கும் முன்பே கூடக் கேட்கலாம், அப்படிக் கேட்டால் முடக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆர்பிட்ரேஷன் நிறுவனம் வழக்கை ஏற்றுக்கொண்ட கடிதம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் அங்கீகரித்த நிறுவனங்கள் நடத்தும் ஆர்பிட்ரேஷனுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. உங்கள் வரியில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அந்தப் பட்டியலிலும் அது இருக்கிறது. 'ஆர்பிட்ரேஷன் இன் ஹாங்காங்' என்று மட்டும் மொட்டையாக எழுதியிருந்தால் இந்தக் கதவு உங்களுக்குச் சாத்தியிருக்கும்.

இப்போது கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் யார்? பில்லில் பெயர் இருக்கிற ஹாங்காங் கம்பெனி. சியாமென் ஃபேக்டரி அல்ல. ஒரு டாலர் மூலதனத்தில்கூட ஹாங்காங்கில் கம்பெனி பதியலாம். அவார்டு அந்தக் கம்பெனி மேல்தான் வரும், ஃபேக்டரி வேறு கம்பெனியாக இருந்தால் அதன் மெஷினைத் தொட முடியாது. அதனால் இரண்டு காகிதங்களைத் தேடுங்கள். ஒன்று, உங்கள் பேங்கில் இருக்கும் அட்வான்ஸ் வரவுகளின் ஸ்விஃப்ட் காப்பி (பேங்குகளுக்கு இடையே வரும் பணப் பரிமாற்றச் செய்தி), முதல் லோடு முதல் அத்தனையும். பணம் அனுப்பியவர் பெயர், பேங்க், கணக்கு எண் அதில் இருக்கும். ஹாங்காங் கம்பெனியே அனுப்பியதா, வேறு யாரோ அனுப்பியதா என்று பாருங்கள். நான் பார்த்த கோப்புகளில் மூன்றாவது பெயர் தலைகாட்டுவது அபூர்வமே அல்ல. முடக்கம் கேட்கும்போது சீனக் கோர்ட் 'எந்தச் சொத்து' என்று குறிப்பாகக் கேட்கும், பிணையும் கேட்கும், அதற்கு இந்த ஸ்விஃப்ட் காப்பிதான் பதில். இரண்டாவது, சீன அரசின் பொது நிறுவனத் தகவல் தளத்தில் அந்த ஃபேக்டரியின் பங்குதாரர் யார் என்ற விவரம். ஹாங்காங் கம்பெனியே பங்குதாரராக இருந்தால் நல்ல செய்தி, அந்தப் பங்கு மெயின்லேண்டில் இருக்கும் சொத்து, அதையே முடக்கலாம்.

விரிசல் கதைக்கு வருவோம். ஹாங்காங்கின் சரக்கு விற்பனைச் சட்டமும் நம்முடைய 1930ஆம் வருடச் சட்டமும் 1893-ல் வந்த ஒரே ஆங்கிலச் சட்டத்தின் பிள்ளைகள். வாங்குபவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவர் பிறகு புகார் சொல்ல முடியாது என்பது இரண்டிலும் உண்டு. பையரின் மார்க்கர் (கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஆள்) உங்கள் குவாரிக்கு வந்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, பெயின்ட்டில் நம்பர் போட்டு, அலவன்ஸ் (கழிவுக்கான தள்ளுபடி அளவு) கழித்து அளவெடுத்துக் கையெழுத்துப் போட்டாரே, அந்த மெஷர்மென்ட் ஷீட்டை எடுத்து வையுங்கள். பிளாக் மேல் நம்பரோடு எடுத்த போட்டோ, லோடு ஏற்றும்போது எடுத்த வீடியோ எல்லாம் வேண்டும், மொபைலை மாற்றும் முன் காப்பி எடுங்கள். உள்ளே மறைந்த விரிசல், அறுத்தபின்தான் தெரிந்தது என்று அவர் சொல்வார். அப்படியானால் அறுத்த பலகையின் போட்டோவை பிளாக் நம்பரோடு அனுப்பு, மூன்றாம் தரப்பு சர்வேயரை வை என்று இன்றே மெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் நல்ல சாட்சிதான்.

செலவு? 61,000 டாலருக்கு யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஒரேயடியாக இறங்காதீர்கள். முதலில் ஹாங்காங் சொலிசிட்டர் (அங்குள்ள வக்கீல்) மூலம் ஒரு நோட்டீஸ். கடனில் உண்மையான தகராறு இல்லாத பட்சத்தில், 10,000 ஹாங்காங் டாலரோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால் மூன்று வார நோட்டீஸ் கொடுத்துக் கம்பெனியைக் கலைக்க மனு போடலாம். ஆனால் பையர் விரிசலைப் பிடித்துக்கொண்டு ஆர்பிட்ரேஷன் வரியையும் காட்டுவார், ஆகவே அதை நம்பி இருக்க முடியாது. அப்படிக் கலைந்தாலும் ஒரு வழி உண்டு: 2021 மே முதல் ஹாங்காங் லிக்விடேட்டரை (கலைக்கும் கம்பெனியின் சொத்தைத் திரட்டுபவர்) அங்கீகரிக்க மெயின்லேண்டில் மூன்று ஊர்களைச் சோதனைக்கு எடுத்தார்கள், ஷாங்காய், ஷென்சென், சியாமென். உங்கள் பையரின் ஊர் அதில் இருப்பது தற்செயல்தான். கம்பெனியின் முக்கிய நிர்வாகம் உண்மையிலேயே ஹாங்காங்கில் இருந்தது என்று காட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும் முட்டுக்கட்டை.

ஆர்பிட்ரேஷனுக்கு ஒரே நடுவர், சிறு தொகைக்கான விரைவு நடைமுறை, வீடியோவில் விசாரணை என்று கேட்டால் செலவு குறையும். 2022 டிசம்பரிலிருந்து ஹாங்காங் வக்கீல்கள் ஆர்பிட்ரேஷன் வழக்குகளில் வெற்றி தோல்வியைப் பொறுத்துக் கட்டணம் பேசவும் சட்டம் இடம் கொடுக்கிறது. (நம் ஊரில் என் போன்றவர் அப்படிப் பேசினால் பார் கவுன்சில் விதி தடுக்கும், என்னிடம் கேட்காதீர்கள்.) மெயின்லேண்ட் வக்கீலுக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சீனாவில் அப்போஸ்டில் (வெளிநாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையில் ஏற்கும் முறை) 2023 நவம்பர் 7 முதல் நடைமுறையில் இருந்தாலும் இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால் நமக்கும் அவர்களுக்கும் இடையே அது பொருந்தாது. நோட்டரி, வெளியுறவுத் துறை, சீனத் தூதரகம் என்று பழைய வழிதான். நேரம் ஒதுக்குங்கள்.

போலீஸ் புகார் வேண்டாம். பல வருடம் ஒழுங்காகப் பணம் கொடுத்த ஆள் தரம் சரியில்லை என்று தகராறு செய்வதை மோசடி என்று நிரூபிப்பது கஷ்டம், வசூலுக்குக் குற்ற வழக்கைக் கருவியாக்காதே என்று கோர்ட்டே திட்டும். ஆளை இங்கே கொண்டுவருவது இன்னும் தொலைவு. நமக்கும் ஹாங்காங்கிற்கும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் உண்டு, சீனாவோடு இல்லை. அந்த இரண்டுக்கும் இடையிலேயே இதற்கு ஏற்பாடு கிடையாது. 2019-ல் அதற்காக மசோதா கொண்டுவந்துதான் ஹாங்காங் தெருக்களில் லட்சக்கணக்கில் ஜனம் இறங்கியது, அது வாபஸ் ஆனது. பணத் தீர்ப்பு சுலபமாகக் கடக்கிற எல்லையை ஆள் கடப்பதில்லை.

காலக்கெடு: நம் சட்டத்தில் மூன்று வருடம், ஹாங்காங்கில் ஆறு. மூன்றுதான் கெடு என்று நினைத்து வேலையைப் பாருங்கள். உங்கள் பேங்குக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், ஏற்றுமதிப் பணம் கெடுவுக்குள் வராவிட்டால் ஃபெமா (அன்னியச் செலாவணிச் சட்டம்) கணக்கில் உங்கள் பெயர்தான் நிற்கும், தகராறு நடக்கிறது என்று சொல்லி நீட்டிப்பு வாங்க வேண்டும். இசிஜிசி (ஏற்றுமதிக் கடன் காப்பீடு) பாலிசி எடுத்திருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் தகவல் கொடுங்கள்.

அந்த இன்னொரு லோடு. மறுபடி மார்க்கர் வந்து கல்லை நல்லபடியாகப் பேசுவார். பழைய பாக்கி எவ்வளவு, எந்த பில்லுக்கு, எந்தத் தேதிக்குள் என்று அந்த ஹாங்காங் கம்பெனியின் இயக்குநர் கையெழுத்திட்டு அதே ஆர்பிட்ரேஷன் வரியோடு எழுதிக் கொடுக்கட்டும். கெடு முடியும் முன் அப்படி ஒப்புக்கொண்டால் நம் சட்டத்தில் மூன்று வருடம் புதிதாக எண்ணத் தொடங்கும், விரிசல் பேச்சும் அடங்கும். பழைய பாக்கியில் பாதியாவது பேங்குக்கு வந்து சேரட்டும். அதன் பிறகும் சரக்கு போனால் அட் சைட் எல்சி (ஆவணங்களைக் காட்டியதும் பேங்க் பணம் தரும் உறுதிக் கடிதம்) அல்லது முழு அட்வான்ஸ் மட்டும், பேங்க் வழியாகத் தவிர, பணம் வருமுன் பில் ஆஃப் லேடிங் ஒரிஜினல் உங்கள் பீரோவை விட்டு வெளியே போகக் கூடாது. இதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மார்க்கரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.