27 டிகிரியில நிக்கிற ஹொட் டப்

தம்பி, உங்கட கேள்வியைப் பார்த்தன். அத்தான் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில அஜாக்ஸில வாங்கின வீட்டோட பழைய ஹொட் டப் (வெளியில வைக்கிற சுடுதண்ணித் தொட்டி) ஒண்டும் வந்திருக்கு; 38 டிகிரியில வைச்சாலும் தண்ணி 27க்கு மேல ஏறுதில்லை; பார்க்க வந்த ஆள் ஹீற்றர் செத்துப்போச்சு, மாத்த 700 டொலர் எண்டிட்டார். அதோட குளிருக்கு என்ன ஜாக்கெற், செக்யூரிற்றி லைசன்ஸ் எப்பிடி எடுக்கிறது எண்டும் கேட்டிருக்கிறீங்கள். ஜாக்கெற்றை அக்காவிட்ட கேளுங்கோ. லைசன்ஸுக்கு வழிசொல்ல ஆயிரம் பேர் வருவினம். காசை மட்டும் இப்ப குடுத்திடாதேங்கோ.

செத்த ஹீற்றர் நவம்பர் குளிரில தண்ணியை 27இல பிடிச்சு வைச்சிருக்குமே? பல்போவா கொம்பனியின்ர கொன்றோல் போர்ட் பூட்டின பழைய டப் கனக்கத்தில மூண்டு மோட் இருக்கு: ஸ்ராண்டர்ட், எக்கொனமி, ஸ்லீப். ஸ்லீப்பில கிடந்தா, நீங்கள் வைச்ச சூட்டுக்கு 20 பரனைற் கீழ வரைக்கும் மட்டுந்தான் ஏத்தும். செல்சியஸில அது 11. முப்பத்தெட்டில பதினொண்டு போனா எவ்வளவு? அதுவும் பில்ற்றர் ஓடுற நேரத்தில மட்டும். பனலில ரெம்ப் பட்டனை அமத்தி, உடன லைற் பட்டனை அமத்துங்கோ, மோட் மாறும். ஸ்ராண்டர்டில விட்டிட்டுப் பொறுங்கோ. 1,500 லீற்றர் தண்ணியை 5.5 கிலோவாற் ஹீற்றர் மணித்தியாலத்துக்கு மூண்டு டிகிரி அளவில ஏத்தும். பின்னேரம் மாத்தினா படுக்கப் போக முன்னம் தெரிஞ்சிடும்.

ஏறாட்டில், பில்ற்றரைக் கழட்டி வெளியில வைச்சிட்டு ஓடவிடுங்கோ. அப்ப சூடேறினா குற்றம் பில்ற்றரில. தண்ணி ஓட்டம் குறைஞ்சா, எரிஞ்சுபோகாமல் இருக்க போர்ட் தானே ஹீற்றரை நிப்பாட்டும். இது நான் 2009இல 400 டொலர் கட்டிப் படிச்சது. புது ஹீற்றர் பூட்டி, அதுவும் சூடாகாமல், நான் தலையில கைவைச்சுக்கொண்டு இருக்க, என்ர மகள்தான் பில்ற்றரைத் தூக்கிப் பார்த்தவள். மடிப்புக்குள்ள முந்தின வீட்டுக்காரற்ற நாயின்ர மயிரும், ஆக்கள் பூசின கிறீமும் சேர்ந்து களிமாதிரி அப்பிக் கிடந்தது. பழைய ஹீற்றரில ஒரு குறையும் இல்லை. அது இப்பவும் கராஜில கிடக்கு, எறிய மனம் வரேல்லை.

மூடியையும் ஒருக்கால் தூக்கிப் பாருங்கோ. ரெண்டு பேர் வேணுமெண்டா அது தண்ணி குடிச்சிட்டுது. சூடும், ஹைட்ரோ பில் எண்டு இங்க சொல்லுற கரண்ட் பில்லும் அதுக்குள்ளாலதான் போகுது.

இனிச் சொல்லுறது கோவத்தில. எங்கட சனத்துக்கு ஒரு வருத்தம் இருக்கு: "எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன், மலிவாய்ச் செய்வான்." குசினிக்கு ரைல் ஒட்ட அந்தப் பெடியன் போதும். இது 240 வோல்ற், 50 அம்பியர், தண்ணிக்குள்ள உங்கட மருமக்கள். ஹீற்றர் தொடங்கின உடன பிறேக்கர் விழுதெண்டா பெரும்பாலும் ஹீற்றருக்குள்ள இருக்கிற எலிமென்ற்றால கரண்ட் கசியுது. அப்ப மாத்தத்தான் வேணும். அதுக்கு லைசன்ஸ் உள்ள எலெக்ரிக் கொன்றாக்ரரைப் பிடியுங்கோ, வயர் வேலை எண்டா ஒன்ராறியோவில மின்சாரப் பாதுகாப்பைப் பார்க்கிற ஈஎஸ்ஏக்கு அறிவிச்சுச் செய்யச் சொல்லுங்கோ. "சும்மா சும்மா விழுது" எண்டு, கரண்ட் கசிஞ்சா உடன வெட்டுற ஜிஎஃப்சிஐ பிறேக்கரையே கழட்டிப்போட்டு, சாதாரண பிறேக்கர் பூட்டிக் குடுத்த ஒரு பெடியனை எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் அவனுக்குச் சாப்பாடும் குடுத்து அனுப்பினவர்.

பனல் காட்டுற எண்ணையும் அப்பிடியே நம்பாதேங்கோ. பிள்ளை குளிப்பாட்டுற தேமோமீற்றர் ஒண்டைத் தண்ணிக்குள்ள விட்டு ஒத்துப் பாருங்கோ. சென்சர் பொய் சொன்னா போர்ட்டும் அதைக் கேட்டுத்தான் ஆடும். சென்சரை ஏமாத்திறதில எனக்கு 1991இல இருந்து அனுபவம்.

நான் வந்து இறங்கினது அந்த வருசம் ஜனவரியில. ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்றில ஏழு பேர். வீட்டுக்காரரும் எங்கட ஆள்தான், நாலு வருசம் முந்தி வந்ததால துரை. வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேமோஸ்ரற்றை மேல ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள பூட்டித் திறப்பை இடுப்பில கொழுவிக்கொண்டு திரிவார். கீழ நாங்கள் கதைச்சா வாயால புகை வரும். அவர் நைற் சிப்ற்றுக்குப் போன பிறகு, ஒராள் மேசோடு சத்தமில்லாமல் படியேறி, ஐஸ்கட்டிப் பையொண்டை அந்தப் பெட்டியோட அணைச்சு வைச்சிட்டு வருவம். கொஞ்ச நேரத்தில வீடு குளிர்ந்துபோச்செண்டு நம்பி, எங்கட சுவருக்குப் பின்னால வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் உறுமும். அந்தச் சத்தத்துக்குத்தான் நித்திரை வரும்.

ஒருநாள் பையை எடுக்க மறந்து போனம். காலமை காப்பெற்றில ஈரத்தைக் கண்டிட்டு அவற்ற மனுசி கூரை ஒழுகுதெண்டு ஆளைக் கூப்பிட்டுது. வந்தவன் ஏறிப் பார்த்தான், இறங்கினான், கூரை முழுக்க மாத்த வேணும் எண்டான்.

பட்டனை அமத்திப்போட்டு என்ன வருதெண்டு எழுதுங்கோ.