ரத்த உறைவு மறுபடி வருமா? – கேள்வி பதில்

கேள்வி: முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை மூன்று மாதம் எடுத்து முடிந்தது. ஆயுள் முழுக்கவா?

பதில்: தேவைப்படாது. பெரிய அறுவை சிகிச்சையால் வந்தது என்றால், நிறுத்திய முதல் வருடத்தில் திரும்ப வருவது ஏறக்குறைய நூறில் ஒருவருக்குத்தான். அடுத்த ஆபரேஷன் வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்குத் தொடையில், காரணமே இல்லாமல் வந்தது. ஆறு மாதம் ஆச்சு. ஸ்கேனில் ரத்தக்கட்டி கரைந்துவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: கரைந்ததை வைத்து முடிவெடுக்க முடியாது. கட்டியைக் கரைப்பது உடம்பு. மாத்திரை புதிதாக உறையாமல் பார்த்துக்கொள்கிறது. நிறுத்தினால் ஓரிரு நாளில் அந்தக் காவல் போய்விடும். காரணமில்லாமல் வந்தவர்கள் நிறுத்தினால், முதல் வருடத்தில் சுமார் 10%, ஐந்து வருடத்தில் 25%, பத்து வருடத்தில் 36% பேருக்குத் திரும்புகிறது. ஆண்களுக்கு இன்னும் கூடுதல். அதனால், ரத்தக்கசிவு அபாயம் அதிகம் இல்லாதவர்களுக்குத் தொடரச் சொல்வதுதான் வழக்கம். ஆறு மாதத்துக்குப் பிறகு பலருக்கு டோஸைப் பாதியாக்கலாம்: அபிக்ஸாபன் 5 மி.கி. இருவேளை என்பது 2.5 இருவேளை, ரிவரொக்சபான் 20 என்பது 10. டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள், நீங்களாக வேண்டாம்.

கேள்வி: அதற்கு ஆஸ்பிரின் போதாதா? விலையும் குறைவு, ரத்தக்கசிவும் குறைவு.

பதில்: ஒன்றுமில்லாததற்கு ஆஸ்பிரின் மேல், திரும்ப வருவதை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். ஆனால் 2017இல் வந்த ஐன்ஸ்டீன் சாய்ஸ் ஆய்வில், ஓராண்டு வரை கவனித்ததில், ரிவரொக்சபான் 10 மி.கி. எடுத்தவர்களில் 1.2% பேருக்கும், ஆஸ்பிரின் 100 மி.கி. எடுத்தவர்களில் 4.4% பேருக்கும் திரும்ப வந்தது.

கேள்வி: அதே ஆய்வில் ரத்தக்கசிவு எவ்வளவு? அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

பதில்: நியாயமான கேள்வி. பெரிய ரத்தக்கசிவு ரிவரொக்சபான் 10 மி.கி.யில் 0.4%, ஆஸ்பிரினில் 0.3%. அதாவது நீங்கள் சொன்ன அந்த 'குறைவு' அங்கே இல்லை.

கேள்வி: ஆனால் அதில் முழு டோஸ் கட்டாயம் தேவைப்பட்டவர்களைச் சேர்க்கவில்லையே?

பதில்: சேர்க்கவில்லை. அதனால்தான் 'பலருக்கு' என்றேன். புற்றுநோய் உள்ளவர், இரண்டு மூன்று முறை வந்தவர் கணக்கு வேறு. ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை உறையவைக்கும் கோளாறு) இருந்தால் பாதி டோஸ் பேச்சே இல்லை. பெரும்பாலும் வார்ஃபரின் என்ற பழைய மாத்திரை; ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் அளவு 2 முதல் 3.

கேள்வி: பழைய இடத்திலேயே ஸ்கேனில் இன்னும் கட்டி தெரிகிறது. திரும்ப வந்துவிட்டதா?

பதில்: அவசியமில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தழும்பு மாதிரி தங்கிவிடும். சிகிச்சை முடியும்போது ஒரு ஸ்கேன் எடுத்து, ஸ்கேன் கருவியால் அமுக்கிய நிலையில் ரத்தநாளத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி வாங்கி வையுங்கள். பிற்பாடு கால் வீங்கினால் ஒப்பிட அதுதான் ஆதாரம். இல்லாவிட்டால் பழசா புதுசா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: கட்டி கரைந்துவிட்டது, நிறுத்தலாமா?

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: அபிக்ஸாபன் ஒருவேளை மறந்துவிட்டேன்.

பதில்: அன்றைக்கே நினைவு வந்தால் உடனே ஒன்று. அடுத்த வேளைக்கு இரட்டை வேண்டாம்.

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் எடுக்கலாமா?

பதில்: கூடாது. ஐபுப்ரொஃபெனும் கூடாது. ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் எடுங்கள்.

கேள்வி: காலையிலிருந்து மூச்சு இரைக்கிறது, நெஞ்சு குத்துகிறது. இது திரும்ப வந்ததாக இருக்குமா?

பதில்: படித்துக்கொண்டிருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இப்போதே கிளம்புங்கள்.

கேள்வி: எனக்கும் கரைந்துவிட்டது...

பதில்: இரண்டாவது பதில்!